முதல் ஓட்டோ வீட்டுக்கு வந்தாச்சா? முதல் 14 நாளில் செய்ய வேண்டியவை



ஒரு காலத்தில் தோட்டத்தில் வாகனம் என்றால் தொரையின் ஜீப்பும் கொழுந்து ஏற்றும் லொறியும்தான். இன்று பல தோட்டங்களில் லயத்து வாசலில் முச்சக்கரவண்டி நிற்கிறது. பிள்ளை ஓட்டோ ஓட்டிச் சம்பாதிக்கிறான். இராத்திரியில் பிரசவ வலி என்றால் பக்கத்து வீட்டு ஓட்டோதான் முதலில் வந்து நிற்கிறது. இது சந்தோஷமான மாற்றம்.

ஆனால் அந்த வண்டி எந்தக் காசில் வந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அப்பா பேர் வெட்டி எடுத்த ஊழியர் சேமலாப நிதி, அம்மா அடகு வைத்த நகை, கொழும்பில் கடையில் நிற்கும் தம்பி அனுப்பிய பணம், மிச்சத்துக்கு லீசிங். ஒரு குடும்பம் முப்பது வருடம் மலை ஏறி இறங்கிச் சேர்த்தது எல்லாம் ஒரே வண்டியில் போய் நிற்கிறது. "சாவி கையில வந்துருச்சு, இனி என்னங்க பயம்?" என்று நம்மிடம் கேட்கிறார்கள். சாவி கையில் இருந்தால் மட்டும் வண்டி நமதாகி விடாது. பத்திரம் நம் பெயரில் இருக்க வேண்டும். ஆகவே வண்டி வந்த முதல் நாட்களில் செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. பெயர் மாற்றம்

பழைய வண்டி வாங்குகிறவர்களில் பலர் "ஓபன் பேப்பர்" முறையில் வாங்குகிறார்கள். விற்கிறவர் கையெழுத்து வைத்த படிவத்தைத் தருவார். வாங்குகிறவர் தன் பெயரைப் போடாமல் அதை அப்படியே பெட்டியில் வைத்திருப்பார். நாளைக்கு விற்றால் அதே பேப்பரை அடுத்தவரிடம் கொடுத்து விடலாம், செலவும் மிச்சம் என்பது அவர் கணக்கு.

இது பிழையான கணக்கு. மோட்டார் போக்குவரத்துச் சட்டப்படி வண்டி கைமாறினால் 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். விற்றவர் எம்.டி.ஏ. 8 என்ற படிவத்தையும், வாங்கியவர் எம்.டி.ஏ. 6 என்ற படிவத்தையும் நிரப்ப வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தலைமைக் காரியாலயம் நாரஹேன்பிட்டியில் இருக்கிறது. அவ்வளவு தூரம் பஸ் ஏறும் முன், கிட்டத்தில் எங்கே இந்த வேலை நடக்கும், என்னென்ன பத்திரம் கொண்டு போக வேண்டும் என்று பிரதேச செயலகத்தில் கேட்டுக் கொள்ளுங்கள்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மூன்று கை மாறிய வண்டியை ஓபன் பேப்பரில் வாங்கியது. ஒன்றரை வருடம் கழித்துப் பெயர் மாற்றப் போனபோது படிவத்தில் இருந்த கையெழுத்து சரியில்லை என்று திருப்பி விட்டார்கள். புத்தகத்தில் பெயர் உள்ளவரைத் தேடிப் போனால் அவர் இறந்து போயிருந்தார். பிள்ளைகளோ, "அப்பா வண்டியை வித்ததா எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லி விட்டார்கள். காசு கொடுத்தவர்களுக்கு வண்டி இருந்தும் உரிமை இல்லை.

இன்னொரு காரியம். வண்டி வந்த அன்றைக்கே பதிவுப் புத்தகத்தில் உள்ள என்ஜின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் வண்டியில் அடித்திருக்கும் இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அன்றைக்கே விற்றவரிடம் கேளுங்கள்.

2. லீசிங் பத்திரம்

லீசிங்கில் எடுத்த வண்டிக்கு, கடைசித் தவணை கட்டி முடியும் வரை நிதி நிறுவனம்தான் முழு உரிமையாளர். நிறுவனத்தின் பெயர் புத்தகத்திலும் பதிந்திருக்கும். ஆகவே லீசிங் முடியாத வண்டியை நிறுவனத்துக்குத் தெரியாமல் விற்பதும் வாங்குவதும் வழக்கில் கொண்டு போய் விடும்.

ஒப்பந்தத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். மொத்தம் எத்தனை தவணை, மாதம் எந்தத் திகதி, பிந்தினால் எவ்வளவு மேலதிகம் என்ற மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஒப்பந்தம் நமக்கு விளங்காத மொழியில் இருந்தால், வாசித்து விளக்கக் கூடிய ஒருவரைக் கூட்டிப் போகாமல் கையெழுத்துப் போட வேண்டாம். தவணையை நிறுவனத்தின் கவுண்டரில் அல்லது வங்கியில் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். "நான் கட்டி விடுறேன், கொடுங்க" என்று லயத்துக்கு வந்து கேட்கிறவரிடம் காசு கொடுக்க வேண்டாம். கடைசித் தவணை முடிந்ததும் விடுவிப்புக் கடிதம் பெற்று, நிறுவனத்தின் பெயரைப் புத்தகத்திலிருந்து நீக்க வேண்டும். பலர் இந்தக் கடைசி வேலையை மறந்து விடுகிறார்கள்.

3. காப்புறுதி, புகைச் சான்றிதழ், வருமான அனுமதிப்பத்திரம்

இந்த மூன்றும் ஒன்றோடொன்று கோத்தவை. காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இருந்தால்தான் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கலாம். அதை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். மூன்றும் முடிகிற திகதிகளை வீட்டுக் கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு வையுங்கள்.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம். ஆனால் அது மற்றவருக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டுமே. நம் வண்டி பள்ளத்தில் உருண்டால் அதில் ஒரு சதமும் கிடைக்காது. முழுக் காப்புறுதி எடுத்தால் செலவு கூடும். ஆனால் சேமலாப நிதியைப் போட்டு வாங்கிய வண்டிக்கு அதுதான் பாதுகாப்பு. பழைய வண்டியானால் விற்றவரின் காப்புறுதியை நம்பி ஓட்ட வேண்டாம். காப்புறுதிக் கம்பனியில் சொல்லி உங்கள் பெயரில் எடுங்கள். வாடகைக்கு ஓடும் வண்டியை "சொந்தப் பாவனை" என்று எழுதிக் கொடுக்கவும் கூடாது. கட்டணம் குறையும் என்பது உண்மைதான். விபத்து நடந்தால் நட்டஈடு மறுக்கப்படும்.

4. யார் ஓட்டுவது?

ஓட்டுகிறவரின் சாரதி அனுமதிப்பத்திரத்தில் முச்சக்கரவண்டிக்குரிய பிரிவு இருக்க வேண்டும். அது பீ1 என்று குறிக்கப்படும். "மச்சான் சும்மா கடை வரைக்கும்தான் போறான்" என்று பத்திரம் இல்லாதவரிடம் சாவி கொடுக்கக் கூடாது. அந்தக் கொஞ்சத் தூரத்தில் விபத்து நடந்தால் காப்புறுதியும் கிடைக்காது, வழக்கும் வரும்.

5. மலை ரோட்டுக்கு வண்டியைத் தயார் செய்தல்

பழைய வண்டி என்றால் முதல் வேலையாக நம்பிக்கையான பாஸ் ஒருவரிடம் பிரேக், டயர், ஸ்டியரிங், விளக்கு நான்கையும் காட்டுங்கள். என்ஜின் ஒயில் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் உடனே மாற்றி, அன்றைய கிலோமீட்டரைக் கொப்பியில் எழுதுங்கள். புது வண்டி என்றால் கையேட்டில் சொன்ன தூரம் வரை வேகத்தையும் பாரத்தையும் குறைத்து ஓட்டி, முதல் சர்வீஸைத் தவறாமல் செய்யுங்கள்.

பெற்றோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறக்கம் இறங்கும் பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. இது உயிரை எடுக்கும். நியூட்ரலில் என்ஜின் வண்டியைப் பிடிக்காது. முழுப் பாரமும் பிரேக்கில் விழும். பிரேக் சூடேறினால் பிடி விட்டுப் போகும். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினோமோ, அதே கியரில் இறங்க வேண்டும். ஸ்கூல் பிள்ளைகள் சின்னவர்கள்தானே என்று ஆறு ஏழு பேரை அடுக்குவதும் இதே ஆபத்துத்தான்.

விபத்து நடந்தால் முதலில் காயப்பட்டவரைப் பாருங்கள். இலவச அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119. பிறகு காப்புறுதிக் கம்பனிக்கு அறிவியுங்கள். அவர்கள் சொல்லும் முன் வண்டியை இடம் மாற்ற வேண்டாம். கம்பனியின் தொலைபேசி இலக்கத்தை வண்டியிலேயே எழுதி வைப்பது நல்லது.

6. தகரப் பேணிக் கணக்கு

மாதத் தவணை 18,000 ரூபா என்று வைத்துக் கொள்வோம். மாதத்தில் 25 நாள் ஓடினால், தவணைக்கு மட்டும் ஒரு நாளைக்கு 720 ரூபா எடுத்து வைக்க வேண்டும். காப்புறுதி, டயர், ஒயில் செலவுக்கு அதற்கு மேல் இன்னொரு பங்கு வேண்டும். பெற்றோல் காசு போக மிஞ்சுவது எல்லாம் வருமானம் என்று நினைக்கக் கூடாது. அன்றன்றைக்கு இந்தப் பங்கைத் தனியாகப் போட்டு, கிழமைக்கு ஒரு தடவை வங்கியில் கட்டுங்கள். இந்தக் கணக்கை வீட்டில் அம்மாவோ மனைவியோ வைத்திருந்தால் இன்னும் நல்லது. மழைக் காலத்தில் ஓட்டம் குறையும்போது கைகொடுப்பது இந்தப் பேணிதான்.

கடைசியாக ஒரு வார்த்தை. எல்லாப் பத்திரத்துக்கும் இரண்டு போட்டோ பிரதி எடுத்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றை நம்பிக்கையான உறவினரிடமும் வையுங்கள். படிவம் விளங்காவிட்டால், தமிழில் விளக்கம் வேண்டுமென்றால், தோட்ட நலன்புரிக் காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து வாசிப்போம். கையெழுத்துப் போடுவதற்கு முதல் நாள் வந்தால் ரொம்ப நல்லது.