தட்டைப் பாதமும் விசேஷ பூட்ஸும்

பதின்மூன்று வயதுப் பிள்ளையின் ஈரக்காலடி தரையில் வளைவின்றி முழுதாகப் பதிவதைக் கண்ட மாத்திரத்தில், பந்தாட்டத்தை நிறுத்திவிட்டு விசேஷ பூட்ஸ் மாட்டி வளைவை எழுப்பாவிட்டால் இருபது வயதில் நடையே போய்விடும் என்று தாய்மாருக்கு உபதேசம் செய்வோர், நம் புளியந்தோப்பில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிக் குடும்பம் நடத்துகிறவன் இதை நம்பி வட்டிக்குக் கடன் வாங்குகிறானே என்பதுதான் என் கோபம்.

பூட்ஸ் வளைவை உண்டாக்காது. அமெரிக்காவில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பிரித்து, சிலருக்கு விசேஷ பூட்ஸும் சிலருக்குக் காலணிக்குள் வைக்கும் உள்தாங்கியும் கொடுத்து, சிலரைச் சும்மா விட்டு, மூன்றாண்டுகள் கவனித்து 1989இல் முடிவை வெளியிட்ட வெங்கர் குழுவினர், எல்லாப் பிரிவினருக்கும் வளைவு ஒரேவிதமாகவே வளர்ந்ததைக் கண்டார்கள். பிஞ்சு எலும்பிலேயே பலிக்காத வித்தை, முற்றிய எலும்பில் பலிக்குமா? வலியுள்ள காலுக்கு உள்தாங்கி ஆறுதல் தரலாம். அதற்குமேல் அதற்குச் சக்தியில்லை.

ஆகவே, பிள்ளையைக் குதிகால் தூக்கி நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள். வளைவு எழுந்து, வலியும் இல்லையானால், அது இளகிய பாதம். சிகிச்சை வேண்டாம், ஆடவிடுங்கள். கெண்டைக்கால் இறுகியிருந்தால், சுவரில் கையூன்றி, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முன்சாய்ந்து நிற்கும் அப்பியாசம் போதும். நுனிக்காலில் நின்றும் வளைவு எழாத விறைத்த பாதமும், ஒரு காலில் மட்டும் தோன்றும் தட்டையும், ஆடியபின் தீராத வலியும் வேறு விஷயம். பாத எலும்புகள் பிறவியிலேயே ஒட்டியிருப்பின், அது பெரும்பாலும் இந்தப் பருவத்தில்தான் வலியாக வெளிப்படும் என்பதால், தாமதியாமல் ஸ்டான்லி மருத்துவமனையின் எலும்புப் பிரிவுக்குப் போங்கள்.

தட்டைப் பாதம் இருந்தால் பட்டாளத்தில் சேரவே முடியாது என்பதும் முழு உண்மையன்று. தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வின் மருத்துவ விதிகள், நுனிக்காலில் வளைவு தோன்றி, வலியின்றிக் குதித்தோட முடிந்தால் ஏற்கின்றன. காவற்படைகள் சிலவற்றின் விதி கடுமையானது, முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். தட்டைக்காலுடைய பெண் புகுந்த வீட்டுக்கு ஆகாது என்னும் சாமுத்திரிகா லட்சணப் பிதற்றலுக்குப் பதில் சொல்வதே வீண்.

பாதத்துக்குக் கேடு செய்வது எது என்று கேட்டால், பள்ளி நிர்வாகிகளைத்தான் சுட்டுவேன். ராவ், ஜோசப் என்னும் நம் நாட்டு வைத்தியர்கள், நாலு முதல் பதின்மூன்று வயதுவரை 2,300 குழந்தைகளின் காலடித் தடங்களை ஆராய்ந்து 1992இல் வெளியிட்ட கணக்கில், காலணி அணிந்தோரில் 8.6 சதவீதமும் அணியாதோரில் 2.8 சதவீதமும் தட்டைப்பாதம். அணிந்தோரிலும், விரல் மூடிய பூட்ஸ் போட்டவர்களிடமே அதிகம். கண்ணாடித்துண்டும் சாக்கடையும் மலிந்த நம் சந்துகளில் வெறுங்காலோடு திரியச் சொல்லவில்லை. ஆனால் சித்திரை வெயிலில் ஐந்து வயதுக் குழந்தையைக் கறுப்பு பூட்ஸில் இறுக்கிப் பூட்டுவதை ஒழுக்கம் என்று நினைக்கும் பள்ளிகள், வாரிட்ட செருப்பை வரும் ஆண்டிலேயே அனுமதிக்கவேண்டும். பெற்றோர் சங்கக் கூட்டத்தில் இதைக் கேட்டு வாங்குங்கள். பூட்ஸுக்கென்று வைத்த பணமும் மிஞ்சும்.