மஞ்சளைக் கடலின் தலையில் கட்டாதீர்கள்

"அண்ணாச்சி, உப்புக்காத்து பட்டு மஞ்சளாயிட்டு. தேய்ச்சு எடுத்துட்டு நல்லா வெள்ளையா அடிச்சுருங்க."

பழைய பேஸ் கிதாரோடு என் பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் இது ஒன்றுதான் பாட்டு. கோயில் பாடகர் குழுவில் வாசிக்கிறவர் சொல்கிறார். கப்பலுக்குப் போய்வந்த தாத்தாவின் கிதாரைப் பரணிலிருந்து இறக்கிய பேரன் சொல்கிறான். வாங்கி விற்கிறவர்கள் இன்னும் சத்தமாகச் சொல்கிறார்கள். தப்பு. முழுத் தப்பு. நான் முப்பது வருடமாகத் தூத்துக்குடியில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். கிதார் பிறகு வந்த சகவாசம். உப்புக்காற்று எதைத் தின்னும், எதைத் தின்னாது என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

உப்புக்காற்று இரும்பைத் தின்னும். துறைமுகச் சாலையில் ஓடித் தேய்ந்த அம்பாசிடரின் கதவடியைப் பாருங்கள்: உள்ளே துரு பொங்கி, பெயிண்ட் கொப்புளித்து உதிர்ந்திருக்கும். உதிருமே தவிர மஞ்சளாகாது. கிதாரிலும் அதே கதைதான். பிரிட்ஜ் திருகாணி துருப்பிடிக்கும், டியூனிங் கீ இறுகும், கம்பி கறுக்கும். உப்பு பட்டால் வெள்ளை மஞ்சளாகும் என்றால் முத்தையாபுரம் உப்பளத்தில் ஒருவரும் வெள்ளைச் சட்டை போட முடியாது. கொற்கையிலிருந்து ஒரு தம்பி இப்படி ஒரு மஞ்சள் கிதாரைக் கொண்டுவந்தான். பாண்டியர் காலத்தில் அந்த ஊர் துறைமுகம், சரி. தாமிரபரணி வண்டலைக் கொட்டிக் கொட்டிக் கடலைப் பல கிலோமீட்டர் தள்ளி எத்தனையோ நூற்றாண்டு ஆகிறது. அங்கே வீட்டுக்குள் கிடந்த கிதாருக்கும் கடல்தான் காரணமாம்!

நடப்பது வேறு. ஃபெண்டர் கம்பெனி 1960களில் பேஸ் கிதார்களுக்கு வழக்கமாக அடித்தது சன்பர்ஸ்ட். நடுவில் மஞ்சள், இடையில் சிவப்பு, ஓரத்தில் கறுப்பு. வேறு நிறம் கேட்டால் 5 சதவீதம் கூடுதல் விலை. அந்த நிறங்கள் கிதாருக்கென்று பிறந்தவை அல்ல. டூபாண்டின் டூகோ, லூசைட் என்கிற கார் பெயிண்டுகள்தான். இன்றும் நம் தச்சர்கள் அலமாரிக்கு 'டூகோ அடிக்கவா?' என்று கேட்கிறார்களே, அதே டூகோ. ஒலிம்பிக் ஒயிட்டும் லேக் ப்ளாசிட் ப்ளூவும் கேடிலாக் கார்களின் நிறங்கள். ஃபியஸ்டா ரெட் ஃபோர்டு தண்டர்பேர்டின் சிவப்பு. அதனால்தான் இந்த விஷயத்தில் கார் பெயிண்டர் வாய் திறக்கிறேன்.

நிறத்துக்கு மேலே பல கிதார்களில் நைட்ரோசெல்லுலோஸ் கிளியர் லாக்கர் ஒரு பூச்சு உண்டு. பஞ்சை அமிலத்தில் பதப்படுத்திச் செய்யும் சரக்கு அது. வெயிலின் புற ஊதாக் கதிரும் வயதும் சேர்ந்து அந்தக் கிளியரைத்தான் மஞ்சளாக்குகின்றன. அடியில் இருக்கும் வெள்ளை பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கிறது. மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு வேட்டி அழுக்கு என்று வண்ணானைத் திட்டுவது போன்றது நம் புலம்பல். ஒரே வருடத்து வெள்ளைக் கிதார்கள் இரண்டில் ஒன்று பாலாகவும் மற்றது நெய்யாகவும் இருப்பதும் இதனால்தான்: நெய்யானதற்குக் கிளியர் அடித்தார்கள், பாலானதற்கு அடிக்கவில்லை. கிளியருக்கு அடியில் நீலம் இருந்தால்? நீலத்தின் மேல் மஞ்சள், பார்வைக்குப் பச்சை. 'அபூர்வப் பச்சை' என்று விலை பேசப்படும் பேஸ்களில் பல, வெயிலில் பழுத்த லேக் ப்ளாசிட் ப்ளூவாகவோ சானிக் ப்ளூவாகவோ இருக்கும்.

அசல் நிறத்தைக் கண்டுபிடிக்க எங்கள் தொழிலில் ஒரே வழிதான். வண்டியின் கூரையைப் பார்க்க மாட்டோம். டிக்கியைத் திறப்போம், கதவு ரப்பரை விலக்குவோம். கிதாரின் முகப்பில் திருகியிருக்கும் தகடான பிக்கார்டைக் கழற்றுங்கள். கண்ட்ரோல் குழிக்குள் டார்ச் அடியுங்கள். கழுத்தைக் கழற்றத் தெரிந்தவர் இருந்தால் அந்தப் பொருத்துக் குழியையும் பாருங்கள். வெயில் போகாத இடத்தில்தான் சாட்சி இருக்கிறது. ஜவுளிக் கடையில் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கை இருட்டில் பிடித்தால் பழைய லாக்கர் பச்சை கலந்த மஞ்சளாக மினுங்கும். பிற்பாடு ஒட்டுப்போட்ட இடம் தனியாகத் தெரியும்.

இதையெல்லாம் பார்க்காமல் உப்புத்தாளை எடுத்தால் கிளியரோடு நிறமும் போகும், நிறத்தோடு சந்தை விலையில் ஏறக்குறைய பாதியும் போகும். 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நின்றுபோன ஊர்தான் இது. ஆனாலும் முத்தை எப்படிப் பார்ப்பது என்று மறந்திருக்கக் கூடாது. மன்னார் வளைகுடா முத்தில் இளமஞ்சள் கலந்ததே நிறைய. படலம் படலமாக ஒளி உள்ளே போய்த் திரும்புவதில்தான் அதன் நீரோட்டம் இருக்கிறது. அதை எவனாவது தேய்த்து வெளுப்பாக்குவானா?

மற்ற கதைகளுக்கு இவ்வளவு மூச்சு செலவழிக்க மாட்டேன். 'சன்பர்ஸ்டில் சிவப்பு இல்லை, அதனால் 1958-க்கு முந்தியது' என்பார்கள். அந்த வருடம் சேர்த்த சிவப்பு ஆரம்பத்தில் வெயில் தாங்காத சிவப்பு. பல கிதார்களில் வெளுத்துப் போய்விட்டது. பிக்கார்டுக்கு அடியில் அது இன்னும் இருக்கும். 'கீறலில் வெள்ளி தெரிகிறது, மறுபெயிண்ட்!' கேண்டி ஆப்பிள் ரெட் என்றால் வெள்ளி அல்லது தங்கப் பூச்சின் மேல் ஊடுருவித் தெரியும் சிவப்பை அடிப்பதுதான் முறை. மயிரிழை வெடிப்பு விட்டால் போலி என்பதும் பொய். லாக்கர் சூட்டிலும் குளிரிலும் வெடிக்கும். ஆனால் புதுக் கிதாரிலேயே வெடிப்பை வரவழைத்து விற்கிறார்கள், ஜாக்கிரதை. 1966 முதல் ஃபெண்டரின் ஜாஸ் பேஸ் கழுத்தில் பதித்து வந்த கட்டங்கள் நம்மூர் முத்துச்சிப்பி என்று ஒருவர் பெருமைப்பட்டார். அது பிளாஸ்டிக், ஐயா. சிவப்புக் கிதார் நன்றாகப் பாடும் என்பதற்குப் பதில் சொல்லப் போவதில்லை.

இதே உப்புத்தாள் புத்திதான் நம் வீட்டு வாசலிலும் நிற்கிறது. தாத்தா காலத்துப் பர்மா தேக்குக் கதவைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பளபளவென்று சாக்லேட் நிற எனாமல் அடிக்கிறோம். கல்யாணத்துக்கு ஒரு தடவை, கிரகப்பிரவேசத்துக்கு ஒரு தடவை. என் பிழைப்பே பெயிண்ட்தான். நானே சொல்கிறேன், அடிக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து எண்ணெய் தடவினால் போதும். இந்த வருடம் இரண்டு கதவுக்காரர்களைத் திருப்பி அனுப்பினேன். ஒருவர் வேறு பெயிண்டரிடம் போய்விட்டார்.

மஞ்சள் கிதாரோடு வருகிறவர்கள் முதலில் வீட்டிலேயே பிக்கார்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள். கழற்றிய திருகாணிகளை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அந்தக் காலத்துத் திருகாணிக்கும் விலை உண்டு.