கல்லூரி அணிக்கு ஆள் எடுக்கும் கணக்கு

தண்டையார்பேட்டையில் குடியிருந்துகொண்டு, கல்லூரிக் கால்பந்து அணிக்கு வருஷா வருஷம் பையன்களைத் தேர்ந்தெடுக்கிறேன். என் மாணவர்கள் ஆன்லைனில் கல்லூரி அணி நடத்தும் விளையாட்டு ஆடுவார்கள். அதில் வீரனின் வேகமும் திறமையும் எண்ணாகவே திரையில் வந்துவிடும். மைதானத்தில் அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: அடுத்த மூன்று வருஷத்தை மனதில் வைத்து ஆள் எடுக்க வேண்டும்.

யார் போகிறார்கள் என்று முதலில் பாருங்கள். டிகிரி மூன்று வருஷம்தான். கீப்பரும் இரண்டு ஸ்டாப்பர்களும் ஒரே வருஷத்தில் வெளியேறினால் அணி நிலைகுலைந்துவிடும். அதனால் கீப்பர் இரண்டாம் வருஷம் முடிக்கும்போதே அடுத்தவனைச் சேர்த்துவிடுவேன். ஒரு வருஷம் மூத்தவனோடு நின்று பழகட்டும். ஃபார்வர்டு கிடைப்பது எளிது. நல்ல கீப்பரும் இடது கால் பேக்கும் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

ட்ரையல்ஸை மட்டும் நம்பாதீர்கள். அன்றைக்கு எல்லோரும் வித்தை காட்டுவார்கள். வியாசர்பாடி, காசிமேடு, ராயபுரம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மேட்ச்களுக்குப் போய் நில்லுங்கள். பந்தைப் பறிகொடுத்தபின் ஒருவன் என்ன செய்கிறான் என்பதைத்தான் நான் பார்ப்பேன். திரும்பி ஓடி வருபவனை மெருகேற்றலாம். வியாசர்பாடியிலிருந்து வந்த தனபால் கணேஷ், 2018-ல் கோப்பை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் நடுக்களத்தில் ஆடியவர். இந்தத் தெருக்களில் திறமைக்குப் பஞ்சமே இல்லை.

வேலைக்குப் போனவனையும் தேடுங்கள். பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டிகளில் 25 வயது வரை ஆடலாம். பிளஸ் டூ முடித்துவிட்டுத் துறைமுகத்தில் லோடு ஏற்றப் போன பத்தொன்பது வயதுப் பையனுக்கு இன்னும் முழுதாக மூன்று வருஷம் இருக்கிறது. உடம்பிலும் மனசிலும் அவன் பள்ளிப் பையனைவிடத் தேறியவன். அவனை யாரும் தேடி வருவதில்லை. நாம் போனால் வருவான்.

வீட்டின் காலண்டரைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் கடலில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பிளஸ் டூ ரிசல்ட்டும் அட்மிஷனும் சரியாக அதற்குள் வருகின்றன. விசைப்படகு கரையில் நிற்கும்போது ஃபீஸ் கேட்டால் எந்தத் தகப்பன் கொடுப்பார்? காசிமேட்டுப் பையன் என்றால் பிப்ரவரியிலேயே வீட்டுக்குப் போய்ப் பேசிவிடுவேன். ஃபீஸ் சலுகைக்கான கடிதத்தையும் முன்னமே வாங்கி வைப்பேன்.

பெற்றோரிடம் உள்ளதை மட்டும் சொல்லுங்கள். "சார், பந்து சோறு போடுமா?" என்று அம்மாக்கள் கேட்பார்கள். மாநில அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு உண்டு, அதற்குப் பதக்கமும் உரிய படிவத்தில் சான்றிதழும் வேண்டும் என்று விளக்குவேன். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, கஸ்டம்ஸ் அணிகளைப் பற்றியும் சொல்வேன். வேலை நிச்சயம் என்று மட்டும் சொல்ல மாட்டேன். டிகிரி நிச்சயம், அதற்கு நான் பொறுப்பு என்பேன்.

அந்தப் பொறுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. 75 சதவீத வருகைப்பதிவு இல்லாதவனைப் பரீட்சை எழுத விட மாட்டார்கள். அரியர் குவிந்தவன் பாதியில் நின்றுவிடுவான். மேட்சுக்குப் போன நாள்களுக்கு ஓ.டி. வாங்கிக் கொடுங்கள், விட்ட பாடத்துக்கு நோட்ஸ் வாங்கிக் கொடுங்கள். சேர்த்த பையனைக் கடைசி செமஸ்டர் வரை கொண்டுபோய்ச் சேர்த்தால், அடுத்த வருஷம் அவன் தெருவிலிருந்தே நான்கு பேர் உங்களைத் தேடி வருவார்கள்.