நம்பிக்கைகளும் உண்மைகளும்: ஐஸ் வாளி ஏசி ஆகாது

கத்திரி வெயில் தொடங்கினால் போதும், அந்த வீடியோ மறுபடி வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். ஒரு வாளி நிறைய ஐஸ் கட்டி, அதன் பின்னால் ஒரு டேபிள் ஃபேன், ‘செலவே இல்லாத ஏசி, பத்தே நிமிடத்தில் அறை குளிர்ந்துவிடும்’ என்று ஒரு குரல். தெர்மோகோல் பெட்டியில் ஓட்டை போடுவது, பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து ஃபேனுக்குப் பின்னால் கட்டுவது என்று வருஷத்துக்கு வருஷம் வேஷம்தான் மாறுகிறது, பொய் ஒன்றேதான். படித்தவர்களும் ஒரு நிமிடம் யோசிக்காமல் இதை அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறார்கள். அதைப் பெறுகிறவர்களில் ஷீட் கூரைக்குக் கீழே கைக்குழந்தையோடும் வயதான தாயோடும் தவிப்பவர்கள் உண்டு. உண்மையில் பலன் தரும் காரியத்தை விட்டுவிட்டு இதை நம்பி அவர்கள் கோடையைக் கடத்துகிறார்களே, அதுதான் கோபம் வரவைக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். ஏசியை ‘ஒரு டன்’, ‘ஒன்றரை டன்’ என்கிறோமே, அது இயந்திரத்தின் எடை இல்லை. ஐஸ் பாளங்களை வைத்துக் குளிர்வித்த காலத்திலிருந்து தங்கிப்போன சொல் அது. 907 கிலோ ஐஸ், அதாவது அமெரிக்க அளவில் ஒரு டன், 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்பம் எவ்வளவோ அவ்வளவை அகற்றும் திறன்தான் 1 டன். மணிக்கு ஏறத்தாழ 38 கிலோ ஐஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு ஃப்ரீஸரில் உள்ள தட்டுகளையெல்லாம் கவிழ்த்தாலும் இரண்டு கிலோ தேறினால் பெரிது. ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கு 334 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். உருகிய தண்ணீர் 30 டிகிரிக்கு வருவதற்குள் இன்னும் 126. இரண்டு கிலோவுக்கும் சேர்த்து 920 கிலோஜூல். 1 டன் ஏசி இதே வேலையை ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடம்பே சுமார் 100 வாட் வெப்பத்தை விட்டுக்கொண்டிருக்கிறது. நான்கு பேரும் ஒரு 75 வாட் ஃபேனும் உள்ள அறையில், வெயிலைக் கணக்கிலேயே சேர்க்காவிட்டாலும், அந்த வெப்பத்துக்கு ஈடுகொடுத்தே அரை மணி நேரத்தில் ஐஸ் தீர்ந்துபோகும்.

அந்த ஐஸ் எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்க வேண்டும். ஃப்ரிட்ஜ் குளிரைப் படைப்பதில்லை. தண்ணீரில் இருந்த வெப்பத்தைப் பிடுங்கி வெளியே தள்ளுகிறது. ஃப்ரிட்ஜின் பின்பக்கத்திலோ பக்கத் தகட்டிலோ கையை வைத்துப் பாருங்கள், சூடு தெரியும். 30 டிகிரித் தண்ணீரை ஐஸாக்க எடுத்த அதே 920 கிலோஜூலும், அதற்காகக் கம்ப்ரஸர் இழுத்த மின்சாரமும் சேர்ந்து உங்கள் சமையலறையில்தான் சூடாக இறங்கியிருக்கின்றன. கூட்டிக் கழித்தால் வீடு முன்பைவிடச் சூடு, கரண்ட் பில்லும் கூடுதல்.

‘காற்று சில்லென்று வருகிறதே’ என்பார்கள். வருகிறது, வாளிக்கு நேர் எதிரே உட்கார்ந்தவர் முகத்துக்கு, ஐஸ் இருக்கும்வரை. அறை குளிர்வதும் ஆள் குளிர்வதும் ஒன்றல்ல. கடையில் வாங்கும் ஐஸ் என்றால் ஃப்ரிட்ஜ் சூடு இல்லை என்பது சரிதான். ஆனால் 1 டன் ஏசிக்கு நிகராக மணிக்கு 38 கிலோ சுமந்து வந்து போட யாரால் முடியும்? ஆளைக் குளிர்விப்பதுதான் நோக்கம் என்றால் அதற்கு ஐஸைவிடச் சிறந்தது சாதாரணத் தண்ணீர். ஒரு கிலோ ஐஸ் உருகி எடுப்பது 334 கிலோஜூல், ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது எடுப்பதோ ஏறத்தாழ 2,400. ஈரத்துண்டைக் கழுத்திலும் கையிலும் போட்டுக்கொண்டு ஃபேனுக்குக் கீழே உட்காருங்கள், காசு செலவில்லாத குளிர்ச்சி அதுதான்.

வீட்டுக்குள் சூடு எங்கே நுழைகிறது என்று கேட்டால், மேல்தள வீடுகளுக்கு விடை தலைக்கு மேலேயே இருக்கிறது. உச்சி வெயிலில் மொட்டை மாடியின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 900 வாட் வெப்பம் விழுகிறது. பத்துக்குப் பத்து அறைக்கு மேல் மட்டும் 8 கிலோவாட், அதாவது ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் எட்டைத் தளத்தில் கவிழ்த்து வைத்ததற்குச் சமம். சாம்பல் நிறச் சிமெண்ட் தளமும் செங்காவித் தட்டோடும் அதில் பெரும்பங்கை உள்ளே வாங்கிக்கொள்கின்றன. கான்கிரீட் அந்தச் சூட்டைச் சில மணி நேரம் தாமதித்து இறக்குவதால்தான் இரவு ஒன்பது மணிக்குக்கூட உள்கூரை தொட்டால் சுடுகிறது, ஃபேன் அனலை வீசுகிறது. அதே தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் விழும் வெயிலில் ஏறத்தாழ முக்கால் பங்கு வானத்துக்கே திரும்பிப் போகும். கட்டடத்தைப் பொறுத்து உள்ளே சில டிகிரி குறையும், அதுவும் இரவில் தூங்கும் நேரத்தில். தளத்தைப் பெருக்கிக் கழுவி, வெடிப்பை அடைத்து, சுண்ணாம்பைக் கரைத்து வடிகட்டி, ஒட்டுப்பசை கலந்து இரண்டு பூச்சு அடித்தால் போதும். சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் பொசுக்கும், ஆகவே கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். தகர ஷீட்டில் சுண்ணாம்பு நிற்காது, வெள்ளைப் பெயின்ட் வேண்டும். சிமெண்ட் ஷீட் கூரைமேல் ஏறி நிற்காதீர்கள், உடையும். ‘மழையில் கரைந்துவிடுமே’ என்பது அடுத்த ஆட்சேபம். கரையட்டும். நமக்குப் பெருமழை ஐப்பசியில்தான். மாசி, பங்குனியில் அடித்த சுண்ணாம்பு கோடை முழுதும் உழைத்து முடித்த பிறகுதானே கரைகிறது?

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு வார்த்தை தேவையில்லை. ஆளில்லாத அறையில் ஃபேனைச் சுழலவிட்டால் அறை குளிராது. மோட்டாரின் சூடுதான் சேரும். 40 டிகிரிக்கு மேல் போன அறையில் உலர்ந்த உடம்புக்கு வெறும் ஃபேன் காற்று சூட்டைக் கூட்டும் என்று உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கிறது. ஜன்னலுக்கு உள்ளே தடித்த திரை போடுவது பாதி வேலை, ஏனென்றால் கண்ணாடியைத் தாண்டிய வெயில் வீட்டுக்குள் வந்தாகிவிட்டது. மூங்கில் தட்டியோ ஓலைத் தட்டியோ வெளியே கட்டுங்கள், கீழ்த்தளத்தில் இருப்பவர்களுக்கும் இது பயன்படும். வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிப்பதும் ஏர் கூலரும் வேலூரின் வறண்ட மதியத்தில் பலன் தரும், சென்னையின் கசகசப்பில் புழுக்கத்தைத்தான் கூட்டும். கூலர் ஓடும்போது ஜன்னலைச் சாத்துவது எந்த ஊரிலும் தவறு. ஏசியை 18-ல் வைத்தால் சீக்கிரம் குளிராது, அதிக நேரம் ஓடும், அவ்வளவே. 2020 முதல் புதிய ஏசிகள் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று விதி வகுத்ததற்குக் காரணம் இருக்கிறது.

ஒரு கேள்வி மிஞ்சுகிறது. சுண்ணாம்பை யார் அடிப்பது? மேல்தளத்தில் வெந்துகொண்டிருப்பவர் பெரும்பாலும் வாடகைக்கு இருப்பவர், தளம் வீட்டுக்காரருடையது. மொட்டை மாடிச் சாவிகூடத் தம் கையில் இல்லாதவரிடம் ‘நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்பது நியாயமில்லை. தெலங்கானா 2023-ல், வெயிலைத் திருப்பி அனுப்பும் இத்தகைய ‘குளிர்கூரை’களுக்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. தமிழ்நாடு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பேரிடர் என்று ஒப்புக்கொண்ட பிறகு, அரசு வாரியக் குடியிருப்புகளின் தளங்களுக்கும் அரசுப் பள்ளிகளின் தளங்களுக்கும் ஆண்டுதோறும் கத்திரிக்கு முன்பே வெள்ளை அடிப்பது அரசின் கடமை. மேல்தளத்தை வாடகைக்கு விடுகிறவர் பங்குனிக்குள் சுண்ணாம்பு அடித்துத் தர வேண்டும் என்ற வரி ஒவ்வொரு வாடகை ஒப்பந்தத்திலும் இடம்பெற வேண்டும். அந்த வீடியோ அடுத்த முறை உங்கள் குழுவுக்கு வரும்போது அதை அங்கேயே நிறுத்திவிட்டு, இந்தச் செய்தியை உங்கள் வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள்.