குக்கரை ஓரம் வையுங்கள்: பொங்கலுக்குக் கிழங்கு வேகிறது

மார்கழி முடியப்போகிறது. மண்டபத்தூரிலிருந்து காரைக்கால் ஞாயிறு சந்தைக்குப் போகிறவர்கள் கூடையில் முதலில் போட வேண்டியது சர்க்கரைவள்ளிக்கிழங்கு. கரும்பு, மஞ்சள் கொத்து, இஞ்சிக் கொத்து எல்லாம் போகியன்று வாங்கினால் போதும்; வாடாமல் இருந்தால்தான் படையலுக்கு அழகு. கிழங்கு அப்படியல்ல. தோண்டி வந்த அன்றே அடுப்பேறிய கிழங்கைவிட, ஒரு வாரம் வீட்டில் கிடந்த கிழங்கு நன்றாக இனிக்கும். போகியன்று கூட்டத்தில் இடிபட்டு, கடைக்காரர் அள்ளிப் போட்டதை வாங்கி வருகிறவர், பண்டிகை விலையையும் கொடுத்துவிட்டுச் சப்பென்ற கிழங்கையும் தின்ன வேண்டியதுதான்.

காரணம் இருக்கிறது. காரைக்கால் கரையோரத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவக்காற்றில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அந்த ஈரத்திலிருந்து எடுத்த கிழங்கில் நீர் மிகுதி. எடுத்தபின் கிடக்கக் கிடக்க நீர் கொஞ்சம் வற்றும், மாவுச்சத்தில் ஒரு பங்கு சர்க்கரையாகும், மண்வெட்டி பட்ட இடத்தில் புதுத்தோல் கட்டும். ஏறத்தாழ 30 டிகிரி வெப்பமும் 85 முதல் 90 சதவீதம் ஈரப்பதமும் இதற்கு வாகானவை. மேல்நாட்டுப் பண்ணைகளில் இதற்கென்றே தனி அறை கட்டி, நாலு நாள் முதல் ஒரு வாரம் வரை கிழங்கை ஆறப்போடுகிறார்கள். கடலோர வீட்டின் அடுப்பங்கரை மூலை அந்த அறையின் வேலையை ஓரளவு செய்துவிடும், செலவில்லாமல்.

வாங்கிய கிழங்கைக் கழுவக் கூடாது. மண்ணை உதிர்த்துவிட்டு, பழைய செய்தித்தாளோ கோணியோ விரித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி வைக்கலாம். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் உள்ளேயே வியர்த்து அழுகும். குளிர்சாதனப் பெட்டி அதைவிட மோசம். 12 டிகிரிக்குக் கீழே போனால் சர்க்கரைவள்ளிக்குக் குளிர்க்காயம் உண்டாகிறது. அப்படிக் கெட்ட கிழங்கை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் நடுவில் ஒரு கட்டி வேகாமல் நிற்கும். வெப்பமண்டலத்துக் கொடி அது. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, போர்த்துகீசியர் கப்பலில் இந்தியா வந்தது; குளிர் அதற்கு ஆகாது.

பார்த்துப் பொறுக்குவதிலும் கவனம் வேண்டும். ஆளுயரக் கிழங்கைக் கண்டு ஆசைப்பட்டால் நார்தான் மிஞ்சும். கைப்பிடிக்குள் அடங்குகிற, இரு முனையும் ஒடுங்கிய நடுத்தரக் கிழங்கே சமையலுக்கு நல்லது. எல்லாம் ஒரே பருமனாக இருந்தால் ஒன்றுபோல வேகும். தோலில் ஊசி குத்தியதுபோலச் சின்னச் சின்னத் துளை தெரிந்தால் அந்தக் கிழங்கைத் தள்ளிவிட வேண்டும். அது கூன்வண்டு துளைத்தது. வண்டு குடைந்த கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ளக் கசப்புப் பொருளைச் சுரக்கிறது. அந்தக் கசப்பு துளையைச் சுற்றி மட்டும் நிற்பதில்லை, நல்லதாகத் தெரியும் சதைக்கும் பரவுகிறது. சொத்தையை மட்டும் சீவிவிட்டு மிச்சத்தைக் கூட்டில் போட்டால், ஒரு துண்டு போதும், பானைக் கூட்டும் கசந்துபோகும். முளை விட்ட கிழங்கைப் பற்றிப் பயம் வேண்டாம். முளைத்த உருளைக்கிழங்கில் சேரும் நச்சு இதில் இல்லை. முளையைக் கிள்ளிவிட்டுச் சமைக்கலாம், இனிப்பு சற்றுக் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

மாடு வைத்திருக்கும் வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை. கழித்துப் போட்ட கிழங்கை மாட்டுப் பொங்கல் நாளில் மாட்டுக்கு வைக்கிற வழக்கம் இருந்தால், பூஞ்சை பிடித்ததையும் அழுகியதையும் கட்டாயம் புதைத்துவிட வேண்டும். பூஞ்சை தாக்கிய சர்க்கரைவள்ளியில் உண்டாகும் நச்சு மாட்டின் நுரையீரலைப் பிடிக்கிறது. மூச்சுத் திணறி மாடு சாவது கால்நடை மருத்துவத்தில் நன்கு அறிந்த விஷயம்.

இனி அடுப்புக்கு வருவோம். இந்தக் கிழங்கின் இனிப்பு பாதி மண்ணில் விளைகிறது. மறுபாதி அடுப்பில்தான் விளைகிறது. மாவுச்சத்தை மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றும் நொதி ஒன்று கிழங்குக்குள்ளேயே இருக்கிறது. ஏறத்தாழ 60 முதல் 75 டிகிரி வரையிலான சூட்டில் அது மும்முரமாக வேலை செய்யும். சூடு அதைத் தாண்டி ஏறியதும் நொதி செத்துவிடும். குக்கர் என்ன செய்கிறது? சில நிமிடங்களில் நூறு டிகிரியைத் தாண்டுகிறது. இரண்டு விசிலில் கிழங்கு வெந்துவிடும், உண்மைதான்; ஆனால் இனிக்க அவகாசம் கிடைக்காமல் வெந்துவிடும். பிறகு ‘இந்த வருஷக் கிழங்கே சரியில்லை’ என்று சந்தைக்காரர் தலையில் பழி விழும்.

எனவே பொங்கலன்று கிழங்குக்காவது குக்கரை ஓரம் வைக்கலாம். முழுக்கிழங்கைத் தோலோடு கழுவி, வாயகன்ற பாத்திரத்தில் பச்சைத் தண்ணீரில் போட்டு, சின்னத் தீயில் ஏற்ற வேண்டும். கொதி வருவதற்கே இருபது இருபத்தைந்து நிமிடம் ஆகட்டும். இனிப்பு ஊறுவது அந்த நேரத்தில்தான். கொதித்தபின் கிழங்கின் பருமனைப் பொறுத்து இன்னும் கால் மணி முதல் அரை மணி. ஈர்க்குச்சி தடையில்லாமல் இறங்கினால் இறக்கி, உடனே தண்ணீரை வடித்துவிட வேண்டும். வெந்நீரிலேயே ஊறவிட்டால் நீர் கோத்துக் கொழகொழத்துப்போகும். ஒரு சிட்டிகை உப்பு போதும். தரமான கிழங்குக்கு வெல்லமும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம்.

அமெரிக்காவில் நவம்பர் மாத நாலாவது வியாழக்கிழமை நன்றி நாள் விருந்தில் இதே கிழங்கை மசித்து, மேலே மார்ஷ்மெல்லோ மிட்டாயை அடுக்கிச் சூளையில் வாட்டுகிறார்கள். 1917இல் மார்ஷ்மெல்லோ விற்ற நிறுவனம் ஒன்று வெளியிட்ட சமையல் கையேடு பரப்பிவிட்ட பழக்கம் அது. விளம்பரம் ஒரு நாட்டுக்கே மரபாகிப்போனது. நம் ஊரில் அந்த வேலையைச் சில இனிப்புக் கடைகள் சர்க்கரைப்பாகு ஊற்றிச் செய்யப் பார்க்கின்றன.

சுட்ட கிழங்கு பிடித்தவர்கள் போகித் தீயில் கிழங்கை எறிய வேண்டாம். பழைய பாய், சாயம் பூசிய மரம், பிளாஸ்டிக், டயர் எல்லாம் எரிகிற நெருப்பு அது. கிழங்கின் தோலில் ஒட்டுவது சாம்பல் மட்டுமல்ல. படகில் கழித்த நைலான் வலையை அதில் போடுகிற வீடுகள் கடற்கரை ஊர்களில் இருந்தால், அந்தப் புகைக்குக் குழந்தைகளைக்கூட அருகில் விடக் கூடாது. அதைவிட நல்ல நெருப்பு மறுநாள் காலையில் கிடைக்கும். வாசலில் விறகு வைத்துப் பொங்கல் பொங்கி, பானையை இறக்கியபின் தணல் இருக்குமே, அதன்மேல் சாம்பலைத் தள்ளி உள்ளே கிழங்கைப் புதைத்துவிடலாம். முக்கால் மணி நேரத்தில் பதமாக இருக்கும். ஜப்பானில் குளிர்காலத்தில் தெருவில் விற்கும் சுட்ட கிழங்கு சூடான கூழாங்கற்களுக்கு நடுவே இப்படித்தான் மெல்ல வேகிறது.

கூட்டுக்கு வருவோம், பொங்கல் பந்தியில் கிழங்கு தப்பாமல் இடம் பிடிப்பது அங்கேதான். திருவாதிரைக் களிக்குத் தொட்டுக்கொள்ளும் ஏழுகறிக் கூட்டும், பொங்கலுக்கான கூட்டுக் குழம்பும் கிட்டத்தட்ட உடன்பிறப்புகள். மொச்சை, அவரை, பரங்கி, வாழைக்காய், சேனை, கத்தரி, இவற்றோடு சர்க்கரைவள்ளி. எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் பிடிவாதம் பிடிப்பார்கள். அதைவிட முக்கியம் எந்தக் காய் எப்போது விழுகிறது என்பது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் பரங்கி கரையும், மொச்சை கல்லாக நிற்கும், கிழங்கு இரண்டுக்கும் நடுவில் கூழாகும்.

முதலில் மொச்சை, தனியாக. புளியும் உப்பும் படும் முன்னரே அது மலர வெந்துவிட வேண்டும். புளிப்பு பட்டுவிட்டால் பிறகு மசியாது. நிலத்தடி நீர் உப்பும் சுண்ணாம்புமாக வருகிற கடலோர வீடுகளில் அந்தத் தண்ணீரிலும் மொச்சை அடம் பிடிக்கும். குடிக்கிற தண்ணீரில் வேகவைப்பது உத்தமம். அடுத்து சேனை, வாழைக்காய், அவரை. அவை முக்கால் வேக்காடு வந்ததும் புளிக்கரைசல், உப்பு, குழம்புத் தூள். இதற்கிடையில் சர்க்கரைவள்ளியை, முன்சொன்னபடி சின்னத் தீயில், பாதி வேக்காட்டில் எடுத்துத் தோலுரித்து, விரற்கடை கனத்தில் வட்டமாக நறுக்கி வைத்திருக்க வேண்டும். புளி கொதிக்கும்போது அந்தத் துண்டுகளைப் போடலாம். மொச்சைக்குப் பகையான அதே புளிப்பு கிழங்குக்குத் துணை. துண்டின் ஓரம் உதிராமல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பரங்கி கடைசியில். வறுத்தரைத்த தனியா, கடலைப்பருப்பு, மிளகாய், தேங்காய் சேர்ந்ததும் ஒரு கொதி, மேலே நல்லெண்ணெய். எட்டுப் பேர் பந்திக்குக் கிழங்கு 300 கிராம் தாராளம். அதற்கு மேல் போட்டால் கூட்டு இனிப்புப் பலகாரமாகத் திரிந்துவிடும்.

எந்த நிறக் கிழங்கு என்பதையும் யோசிக்க வேண்டும். சிவப்புத் தோல், வெள்ளைச் சதையுள்ள கிழங்கு மாவுத்தன்மை மிகுந்தது; கூட்டுக்கும் வறுவலுக்கும் அதுவே தோது. ஆரஞ்சுச் சதைக் கிழங்கு நீர்ப்பதமானது, மசித்துச் செய்யும் பலகாரத்துக்கு ஏற்றது. வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் அதில்தான் நிறைய. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963இல் தொடங்கிய மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பூ சோனா இந்த வகை. பூ கிருஷ்ணா ஊதா வகை. ஆரஞ்சுக் கிழங்கை ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தட்டுக்குக் கொண்டுசேர்த்ததற்காக மரியா ஆன்ட்ராடே, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ ஆகியோர், ஹவர்த் பூயியுடன் சேர்ந்து 2016இல் உலக உணவுப் பரிசு பெற்றார்கள். சாப்பிடும்போது ஒரு கரண்டி நெய்யோ தேங்காயோ சேர்ந்தால்தான் அந்தச் சத்து உடம்பில் ஒட்டும். ஊதாக் கிழங்கைப் புளிக் கூட்டில் போட்டால் கூட்டு முழுக்கச் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். விருந்தாளிகளுக்கு விளக்கம் சொல்லத் தயாராக இருப்பவர்கள் போடலாம்.

இரவு விருந்துக்குப் புதிதாக ஒன்று வேண்டுமென்றால், காரைக்காலுக்குக் கடல்வழியாகச் சொந்தமான பலகாரங்கள் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் காரைக்கால் துறையிலிருந்து ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளுக்குக் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கப்பலேறினார்கள். அந்த ரீயூனியனில் இன்று விருந்துக்குச் செய்வது ‘காத்தோ பத்தாத்’ என்ற சர்க்கரைவள்ளி கேக். வெந்த கிழங்கு மசியலில் முட்டை, வெண்ணெய், சர்க்கரை, வனிலா சேர்த்துச் சூளையில் வேகவைப்பது. பிரான்சிலிருந்து பொங்கலுக்கு ஊர் வருகிற உறவுகளுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையிருக்காது. பக்கத்துத் தீவான மொரீஷியஸில் அதே பெயரில் வேறொரு பலகாரம் உண்டு. நம் சோமாசியைப் பார்த்தவர்கள் அதை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். மசித்த கிழங்கில் மைதா சேர்த்துப் பிசைந்து, வட்டமாகத் தட்டி, தேங்காய், சர்க்கரை, ஏலக்காய்ப் பூரணம் வைத்துப் பிறைபோல் மடித்து எண்ணெயில் பொரிக்கிறார்கள்.

மண்டபத்தூர் வீட்டு அடுப்புக்குச் சூளை வேண்டாத இந்தப் பிறையே ஏற்றது. அரை கிலோ கிழங்குக்கு ஒரு கப் மைதாவில் தொடங்கி, கையில் ஒட்டாத அளவுக்கு மட்டும் கூட்டிக்கொள்ளலாம். இதற்குக் கிழங்கைத் தண்ணீரில் போடாமல் இட்லிப் பானை ஆவியில் வேகவைக்க வேண்டும். மசியலும் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஈரமும் சூடும் இருந்தால் மாவு மைதாவைக் குடித்துக்கொண்டே போகும். கடைசியில் வாயில் வருவது மைதா ருசிதான். எண்ணெய் மிதமான சூட்டில் இருக்கட்டும். கிழங்கில் சர்க்கரை இருப்பதால் சீக்கிரம் கருகும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் பந்தியில் ஒதுங்கி உட்கார வேண்டியதில்லை, அளவும் பக்குவமும் பார்த்தால் போதும். ஜமைக்காவில் பத்து வகைச் சர்க்கரைவள்ளியை வைத்துச் செய்து 2011இல் வெளியான ஆய்வில், தண்ணீரில் வேகவைத்தவற்றின் சர்க்கரை ஏற்றக் குறியீடு 41 முதல் 50 வரை இருந்தது. சுட்டவையும் சூளையில் வைத்தவையும் 79 முதல் 94 வரை ஏறின. ஆகவே தணலில் சுட்டது பேரப்பிள்ளைகளுக்கு, தண்ணீரில் அவித்தது தாத்தாவுக்கு. அதையும் சோற்றுக்கு மேலே கூடுதலாக வைக்காமல், ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்துக்கொண்டு வைக்க வேண்டும்.

காணும் பொங்கலுக்கு அரசலாறு கடலில் கலக்கும் காரைக்கால் கடற்கரைக்குப் போகிறவர்கள் அவித்த கிழங்கைத் தோலோடு துணியில் முடிந்து கொண்டுபோகலாம். உரிக்கும்போது மணல் படாது. தேங்காய் அரைத்துவிட்ட கூட்டை எடுத்துப்போக வேண்டாம், வெயிலில் ஊசிவிடும். மிஞ்சிய கூட்டை அன்றிரவே கொதிக்கவைத்துச் சுண்டவிட்டால் மறுநாள் காலை பழையதுக்கு எரிச்ச குழம்பு ஆயிற்று. அப்படிச் சுண்டவைக்கும் எண்ணம் முன்பே இருந்தால், தேங்காய் சேர்க்குமுன் ஒரு பாத்திரம் தனியாக எடுத்து வைத்துவிடலாம்.

சமைக்காமல் மிஞ்சிய கிழங்கு நல்லதாக இருந்தால் தை முழுக்கக் கிடக்கும். வாரம் ஒருமுறை புரட்டிப் பார்த்து, மெத்தென்று ஆனதை அப்புறப்படுத்தினால் போதும்.