மனைப்பிரிவு: இருவர் சேர்ந்து போடும் கணக்கு

புதுநகர் என்பது மனை பிரிப்பவரும் உள்ளாட்சியும் சேர்ந்து செய்யும் வேலை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளியாக விட வேண்டும்.

உதாரணம்: மொத்தம் 20,000, சாலை 5,000, மீதி 15,000, திறந்தவெளி 1,500 சதுர மீட்டர். இதையும் சாலையையும் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் இலவசமாக ஒப்படைக்க வேண்டும். பிறகு அவை பொதுச்சொத்து.

கொத்தனாரான எங்கப்பா, அனுமதி பெற்ற வரைபடம் இருக்கா என்று கேட்காமலே மனை வாங்கிட்டார். சாலையை யாரும் ஒப்படைக்கலை. மழை பெய்தா வாசல்ல குளம்தான். "கேக்கணும்னு அப்ப யாருடா சொன்னா?" என்பார்.

நண்பர்களே, நாளை லேஅவுட் வரையப்போவது நாம்தான். பச்சை வண்ணம் தீட்டும் அந்த 10 சதவீதத்தை, யார் சொன்னாலும் மனையாக்காதீர்கள்!