துணிவீடும் யானைவழியும்

நுழையும்முன்

மே மாதம் முடியும் தறுவாயில் தாராவிச் சந்துகளில் நடந்து பாருங்கள். கூரைகளின்மேல் ஆட்கள் ஏறி நின்றுகொண்டிருப்பர். நீலநிறத் தார்ப்பாயை விரிப்பர். காற்றில் பறவாதிருக்க அதன்மேல் செங்கல்லையோ பழைய டயரையோ ஏற்றி வைப்பர். மும்பையில் அதனைத் தாட்பத்ரி என்று கேட்டு வாங்குகிறோம். தமிழில் அது தார்ப்பாய். தார் பூசிய பாய் என்னும் பொருளும் அதற்கு நன்றாகவே பொருந்துகிறது. ஜூன் மாதத்து முதல் மழைக்குமுன் அந்த வேலை முடிந்தாக வேண்டும். முடியாவிட்டால் இரவெல்லாம் வீட்டுக்குள் வாளி வைத்து நீர் பிடிக்க நேரும்.

இவ்வாறு துணியின்கீழ் உறங்குவது ஒரு வீட்டிற்குக் கவலையாக இருக்கிறது. அதே துணியின்கீழ் உறங்குவதற்காகப் பணம் செலுத்தி, ஊரைவிட்டு நெடுந்தொலைவு செல்வோரும் இருக்கின்றனர். காட்டின் ஓரத்திலும் ஏரிக்கரையிலும் அமைந்த அத்தகைய துணிவீடுகளைப் பற்றியதே இப்பாடம்.

பாடம்

கூடாரம் என்றவுடன் பலரும் நினைப்பது நான்கு முளை, இரண்டு கோல், ஒரு துணி என்பதைத்தான். இக்காலத்துச் சொகுசுக் கூடாரம் அத்தகையதன்று. தரையில் மரப்பலகை பாவியிருப்பர். உள்ளே கட்டில், மெத்தை, மேசை, மின்விளக்கு, வெந்நீர் வரும் குளியலறை ஆகிய யாவும் இருக்கும். சிலவற்றில் குளிரூட்டியும் உண்டு. சுவர் மட்டும் துணியாக இருக்கும். அந்தத் துணிக்கு அப்பால் காட்டின் ஒலி கேட்கும், அதற்கே விலை. ஆங்கிலத்தில் இதற்குக் கிளாம்பிங் என்று பெயர். கவர்ச்சியைக் குறிக்கும் கிளாமர் என்னும் சொல்லையும், முகாமிடுதலைக் குறிக்கும் கேம்பிங் என்னும் சொல்லையும் ஒட்டி இதனை ஆக்கினர். 2016ஆம் ஆண்டில் இச்சொல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் ஏறியது.

சொல் புதியது, செயல் மிகப் பழையது. இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டைத் திறந்தால் போதும். காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் பாடிய அந்நூல் 103 அடிகளை உடையது. பத்துப்பாட்டுள் மிகச் சிறியது. போருக்குச் சென்ற அரசன் காட்டாற்றின் அருகே பாசறை அமைத்துத் தங்கியிருக்கிறான். புதர்களை வெட்டி, அவ்விடத்தில் இருந்த வேடர்களின் காவலரண்களை அழித்து, காட்டு முள்ளையே கொணர்ந்து வேலியாக வளைத்த பாசறை அது. படைவீரர்க்குத் தழையால் வேய்ந்த குடில்கள் தெருத்தெருவாக நிற்கின்றன. அரசனுக்கோ நடுவில் தனி இருப்பிடம். அங்கே யவனர் காவல் புரிகின்றனர். அழகிய விளக்கு எரிகிறது. இடையில் வாள் கட்டிய மகளிர் விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்கின்றனர். நாழிகைக் கணக்கர் நீர்க்கடிகையைப் பார்த்து நேரம் அறிவிக்கின்றனர்.

இத்தனை வசதி இருந்தும் அரசனுக்கு உறக்கம் வரவில்லை. போரில் புண்பட்ட யானைகளையும் உயிர் நீத்த வீரர்களையும் எண்ணி அவன் விழித்திருக்கிறான். மற்றொரு காட்சியும் அப்பாட்டில் உண்டு. பாசறையின் நாற்சந்தியில் நிற்கும் யானை, தனக்கு இட்ட கரும்பையும் நெற்கதிரையும் உண்ணாமல் அவற்றால் தன் நெற்றியைத் துடைத்துக்கொள்கிறது. பாகர் வடமொழிச் சொற்களைச் சொல்லி அதனை உண்ணச் செய்கின்றனர். வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியும் பேசும் உங்களுக்கு அந்த யானையின் நிலை ஓரளவு புரியக்கூடும்!

அழிக்கப்பட்ட வேடர் காவலரண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அரசன் தங்குவதற்கு முன்பே அக்காட்டில் ஆட்கள் இருந்தனர். இச்செய்தி இப்பாடத்தில் மறுபடியும் வரும்.

முகலாயப் பேரரசர்கள் பயணம் செல்லும்போது இரண்டு கூடார நகரங்கள் உடன்சென்றன. ஒன்றில் அரசர் தங்கியிருக்கையில் மற்றொன்று முன்னே சென்று அடுத்த இடத்தில் எழுப்பப்பட்டுவிடும். ஔரங்கசீப்பின் காஷ்மீர்ப் பயணத்தில் உடன்சென்ற பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர், ஒரு கூடாரத் தொகுதியைச் சுமக்க 60க்கு மேற்பட்ட யானைகளும் 200 ஒட்டகங்களும் வேண்டியிருந்தன என்று எழுதியுள்ளார். பிற்காலத்தில் ஆப்பிரிக்கக் காடுகளுக்கு வேட்டையாடச் சென்ற ஐரோப்பியரும் அமெரிக்கரும் நூற்றுக்கணக்கான சுமையாட்களுடன் சென்றனர். இன்றைய சொகுசுக் கூடாரத்தின் தோற்றம் பெரும்பாலும் அந்த வேட்டை முகாம்களைப் பார்த்து அமைத்ததே. துப்பாக்கி போய்விட்டது, ஒளிப்படக் கருவி வந்துவிட்டது.

இனி நம் காலத்திற்கு வருவோம்.

நீலகிரி மலையின் வடசரிவுக்கும் மோயாற்றுப் பள்ளத்தாக்குக்கும் இடையே ஒரு குறுகிய நிலப்பகுதி உண்டு. அதற்குச் சீகூர்ப் பீடபூமி என்று பெயர். மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் ஆகியவை அங்குள்ள ஊர்கள். ஒருபுறம் ஏற முடியாத மலை. மறுபுறம் இறங்க முடியாத பள்ளம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளையும் கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளையும் இணைக்கும் வழி இதுவே. வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ உணவும் 100 லிட்டருக்கு மேல் நீரும் வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் அந்தக் காடு விரைவில் தீர்ந்துபோகும். ஆகவே பருவத்திற்கேற்ப யானைகள் இடம் பெயர்கின்றன. முதிர்ந்த பெண்யானை வழிநடத்த, அதன் தாய் நடந்த பாதையிலேயே கூட்டம் நடக்கிறது. இதனையே யானை வழித்தடம் என்கிறோம். தாதரிலோ சயானிலோ காலை நேரத்தில் நடைமேம்பாலத்தை அடைத்துவிட்டால் என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள். யானைக்கு அந்தப் பீடபூமி அத்தகைய பாலம்.

அந்தப் பாலத்தின்மேல் விடுதிகள் எழுந்தன. சில கல்லாலும் கான்கிரீட்டாலும் ஆனவை, சில குடில்கள். கட்டடம் சிறிதாயினும் அதனோடு வருவன சிறியவை அல்ல. வேலி வரும், வேலியில் மின்சாரம் வரும். ஆழ்துளைக் கிணறு வரும். இரவெல்லாம் விளக்கு எரியும். சமையலறைக் கழிவின் மணம் விலங்குகளை இழுக்கும். துணிச்சுவர் இலேசானது என்பதனால் காட்டின்மேல் ஏறும் சுமையும் இலேசானது என்று எண்ணிவிடக் கூடாது.

2010ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அப்பகுதியை யானை வழித்தடமாக அறிவித்தது. விடுதி உரிமையாளர்கள் நீதிமன்றம் சென்றனர். 2011ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் அரசின் அறிவிப்பை ஏற்றது. வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. அந்த நீதிமன்றத்தின் ஆணைப்படி 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மாவட்ட நிர்வாகம் 27 விடுதிகளைப் பூட்டி முத்திரையிட்டது. 2020ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் உச்ச நீதிமன்றம் உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பை உறுதி செய்தது. நிலம் வைத்திருப்போரின் குறைகளைக் கேட்க, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழுவையும் அமைத்தது.

அடுத்த சில மாதங்களில், 2021ஆம் ஆண்டு ஜனவரியில், மசினகுடியில் ஒரு யானை இறந்தது. தனியார் விடுதி ஒன்றின் அருகே வந்த அதன்மேல் எரியும் பொருளை எறிந்தனர். அதன் காது தீப்பற்றியது. அந்தக் காணொளியை நாடு முழுவதும் பார்த்தது. குற்றம் சாட்டப்பட்டோர் கைது செய்யப்பட்டனர். இதனை இங்கே எழுத வேண்டுமா என்று தயங்கியே எழுதுகிறோம். ஆயினும் வழித்தடம் என்னும் சொல்லை வெறும் சட்டச் சொல்லாக மட்டும் நீங்கள் கற்றுச் செல்லலாகாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. விடுதிகள் மூடப்பட்டபோது அங்கே சமைத்தவர், துணி வெளுத்தவர், ஜீப் ஓட்டியவர், வழிகாட்டியவர் ஆகியோர் வேலை இழந்தனர். அவர்களுட் பலர் அவ்வூர்க்காரர்கள். பீடபூமியில் இருளரும் குறும்பரும் நெடுங்காலமாக வாழ்கின்றனர். யானையோடு நிலத்தைப் பகிர்ந்து வாழ்ந்த அவர்களையும், நேற்று வந்து வேலியிட்டவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது முறையன்று. காட்டைக் காக்க வேண்டும் என்று சொல்வது எளிது. முதலில் எழுந்து போக வேண்டியவர் யார் என்று கேட்கும்போதுதான் குரல்கள் தணிகின்றன. வீடு இடிப்பையும் மாற்றிடத்தையும் பற்றிய பேச்சைக் கேட்டே வளர்ந்த தாராவிப் பிள்ளைகளுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

மும்பைக்கு அருகிலும் கூடாரங்கள் உண்டு. லோனாவாலாவுக்கு அப்பால் பாவ்னா ஏரிக்கரையில் மழைக்காலம் முடிந்ததும் வண்ணவண்ணத் தம்புகள் முளைத்துவிடும். (கூடாரத்திற்கு மராத்தியில் தம்பு என்பது பெயர் என உங்களுக்குத் தெரியும்.) லோகட், திகோனா, துங் ஆகிய கோட்டைகள் சுற்றிலும் நிற்கின்றன. அந்த ஏரி இயற்கையானதன்று. அணை கட்டித் தேக்கியது. அதன் அடியில் கிடப்பது உழவர்களின் வயல். இன்று அக்கரையில் கூடாரம் இட்டு, விருந்தினருக்குப் பிட்லாவும் பாக்கரியும் ஆக்கித் தருவோரில் ஊரார் பலர் உள்ளனர். நிலத்தை விழுங்கிய நீரே அவர்களுக்கு ஓரளவு வருவாய் தருகிறது. இரவில் ஒலிபெருக்கியை அலறவிடும் விருந்தினரும், விடியற்காலையில் கரையில் கிடக்கும் பிளாஸ்டிக் குப்பிகளும் அங்கே உண்டு. ஏரியின் அமைதியைத் தேடி வந்தவர்கள் அதைக் கெடுத்துவிட்டுச் செல்வது வியப்பே.

ஊருக்குச் சென்றிருக்கும்போது, "காசு கொடுத்தா காட்டுக்குள்ள துணிக்கூரையிலே படுப்பாங்க?" என்று உங்கள் ஆச்சி கேட்கக்கூடும். சிரிக்காமல் விடை சொல்லப் பாருங்கள். நகரத்தில் வாழ்வோருக்கு இருட்டே அரிதாகிவிட்டது. விண்மீன் நிறைந்த வானத்தை ஒருமுறையேனும் காண விரும்புவது தவறன்று. செம்பூரின் நான்காம் மாடியிலிருந்து எத்தனை விண்மீன்களை எண்ண முடியும்?

காட்டைக் காணக் கூடாரம் கட்டாயம் வேண்டும் என்பதும் இல்லை. போரிவலியில் உள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. மாநகரின் எல்லைக்குள்ளேயே நாற்பதுக்கும் மேற்பட்ட சிறுத்தைகள் வாழும் காடு அது. வார்லி மக்களின் பாடாக்கள் அக்காட்டினுள் இருக்கின்றன. கன்ஹேரிக் குகைகளில் புத்தத் துறவியர் தங்கிய கல்லறைகள் நூற்றுக்கு மேல் உள்ளன. கல்லில் குடைந்த படுக்கையும், மழைநீர் சேர்க்கும் தொட்டியும் அவற்றில் உண்டு. அந்தத் துறவியரும் மழைக்காலத்தில் காட்டில் தங்கியவர்களே. அவர்களுக்குத் துணிக்கூரை தேவைப்படவில்லை.

இன்னும் அருகில் ஓர் இடம் இருக்கிறது. தாராவியை ஒட்டி, சயான் பாந்த்ரா இணைப்புச் சாலையில், மித்தி ஆற்றங்கரையில் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா உள்ளது. ஏறத்தாழ 37 ஏக்கர். முன்பு அது நகரத்தின் குப்பைமேடு. மண் இட்டு, மரக்கன்று நட்டு, மழைநீரைக் குளத்தில் தேக்கி, 1994ஆம் ஆண்டில் மக்களுக்குத் திறந்துவிட்டனர். இன்று அங்கே வண்ணத்துப்பூச்சிகள் பறக்கின்றன; ஆற்றோரம் அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. மாட்டுங்காவிலிருந்தும் எளிதில் சென்றுவிடலாம். நுழைவாயிலுக்கு வெளியே லாரிகள் இரைந்துகொண்டிருக்கும். உள்ளே இருபது அடி நடந்து, ஒருகணம் நின்று கேளுங்கள்.

சொற்பொருள்

பாசறை – படைகள் தங்கும் இடம். அரண் – காவல் அமைந்த இடம். வேய்தல் – கூரை அமைத்தல். நீர்க்கடிகை – நீரைக்கொண்டு நேரம் அளக்கும் கருவி. கல்லறை – இங்கு, கல்லில் குடைந்த அறை. பாடா – வார்லி மக்களின் குடியிருப்பு. அலையாத்தி – உவர்நீர்க் கரையில் வளரும் மரம்.

பயிற்சி

1. முல்லைப்பாட்டு அரசனின் இருப்பிடத்தில் இருந்த வசதிகள் யாவை? அவற்றுள் இன்றைய சொகுசுக் கூடாரத்திலும் காணத்தக்கது எது?

2. சீகூர்ப் பீடபூமியை விட்டு யானைகள் வேறு வழியில் செல்ல இயலாதது ஏன்? பாடத்தில் உள்ள இட அமைப்பைப் படமாக வரைந்து விளக்குக.

3. பிரித்து எழுதுக: தார்ப்பாய், காட்டாறு, ஏரிக்கரை. 'யானைவழி' என்பது யானையினது வழி என விரியும். 'துணிவீடு' எவ்வாறு விரியும்?

4. 'கல்லறை' என்னும் சொல்லுக்கு இப்பாடத்தில் வரும் பொருளையும், நீங்கள் முன்பே அறிந்த பொருளையும் அமைத்து இரண்டு தொடர்கள் எழுதுக.

5. மசினகுடி விடுதியில் ஜீப் ஓட்டிய ஒருவர் நீதிபதி குழுவிற்கு எழுதும் மடலை ஒரு பக்க அளவில் எழுதுக. பிறகு, அதே குழுவிற்கு இருளர் முதியவர் ஒருவர் எழுதும் மடலையும் எழுதுக. இரண்டிலும் ஒரே கோரிக்கை வருமா?

6. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ மழைக்குமுன் கூரையைச் செப்பனிட்டவரிடம் கேட்டறிந்து, அவர் கையாளும் பொருள்களின் பெயர்களைத் தமிழிலும் மராத்தியிலும் எழுதி வருக.